"திடீர் மரணம்" என்று ஒன்று உண்டா?

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கொழும்பில் நான் பத்திரிகைத் துறையில் காலடி எடுத்துவைத்தபோது, இரவுப் பணிக்கு வருபவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்பட்டவற்றுள் ஒன்று அஞ்சலிக் குறிப்பு எழுதுவது. அதற்கென்று வாய்பாடுபோலச் சில வசனங்கள் இருந்தன. முதுமையில் மறைந்தவர் "இயற்கை எய்தினார்". நோய்ப்படுக்கையில் இருந்தவர் "சில காலம் சுகவீனமுற்றிருந்து காலமானார்". நடுத்தர வயதில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தால் "திடீர் மாரடைப்பினால் காலமானார்".

எங்கள் ஆசிரிய பீடத்தில் எனக்கு மூத்தவராக இருந்த ஒரு செய்தி ஆசிரியர் தமது நாற்பத்தேழாவது வயதில் ஒருநாள் அதிகாலையில் இறந்துபோனார். ஊரடங்குச் சட்டமும் குண்டுவெடிப்புச் செய்திகளுமாகக் கழிந்த இரவுகள் அவை. சிகரெட்டும் பிளேன்ரீயும் நள்ளிரவுக் கொத்துரொட்டியுமே எங்கள் ஆகாரம். அவருக்கான குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பழகிய கை பழகிய வசனத்தையே எழுதிற்று.

எட்டுச் செலவன்று வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய மனைவி என்னை அழைத்து, "தம்பி, திடீரெண்டு போட்டிருக்கிறியள். எட்டு வருஷமா அவருக்குப் பிரஷர் இருந்தது. டொக்டர் குடுத்த குளிசையளை வாங்கிக்கொண்டு வந்து லாச்சிக்குள்ளை போட்டிட்டுப் போயிடுவார். இதிலை என்ன திடீர்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புறப்பட்டால், அது ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் மரணத்துக்கும், அதன் பின்னர் ஒரு சிறு நகரத்து மக்கள் உலகுக்கு அளித்த கொடைக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது.

ஒரு ஜனாதிபதியின் குருதி அமுக்கம்

1945 ஏப்ரல் 12ஆம் திகதி. ஜோர்ஜியா மாநிலத்தின் வோம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலுள்ள தமது ஓய்வில்லத்தில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமர்ந்திருந்தார். ஓவியர் ஒருவர் அவரது உருவத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிற்பகல் ஒரு மணியளவில் தலையின் பின்புறம் கடுமையாக வலிப்பதாகக் கூறியவர் நினைவிழந்து சரிந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவே காரணம். அவருக்கு வயது 63.

ஜனாதிபதியின் பிரத்தியேக மருத்துவர் வைஸ் அட்மிரல் ரொஸ் மக்இன்டயர், தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்ததைப்போல, எதிர்பாராத மரணம் என்ற பொருள்படப் பத்திரிகையாளர்களிடம் கூறினார். நான் எழுதிய "திடீர்" என்ற சொல்லின் அமெரிக்க வடிவம் அது.

உண்மை வேறாக இருந்தது. இருதய நோய் நிபுணரான ஹவார்ட் புரூண் என்ற கடற்படை மருத்துவர், ரூஸ்வெல்ட்டின் இறுதி ஓராண்டில் அவரைக் கவனித்தவர். கால்நூற்றாண்டு மௌனத்தின் பின்னர் 1970இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் அவர் தமது குறிப்புகளை வெளியிட்டார். அதில் உள்ள எண்கள் இவை: 1935இல் ஜனாதிபதியின் குருதி அமுக்கம் 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. மேல் எண் 140ஐத் தாண்டினாலே இன்றைய மருத்துவர் கவலைப்படத் தொடங்குவார் என்பதை நினைவிற் கொண்டு இவற்றைப் படிக்க வேண்டும்.

1944 மார்ச் மாதம் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் புரூண் அவரை முதன்முறையாகப் பரிசோதித்தபோது குருதி அமுக்கம் 186/108ஆக இருந்தது. இருதயம் வீங்கி, நுரையீரலில் நீர் தேங்கத் தொடங்கியிருந்தது. அதுவரை ஜனாதிபதியைப் பார்த்துவந்த மக்இன்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அவரோ ஜனாதிபதியின் உடல்நிலை வயதுக்கு ஏற்றவாறு நன்றாகவே இருப்பதாக நாட்டுக்குச் சொல்லிவந்தார். தாம் கண்டதை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று புரூணுக்கு உத்தரவு. நோயாளியும் ஒருபோதும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் நான்காவது தடவையாக ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

1945 பெப்ரவரியில் யால்டா மாநாட்டில் அவரைப் பார்த்த சேர்ச்சிலின் மருத்துவரான மோரன் பிரபு, இவருக்கு இன்னும் சில மாதங்களே என்று தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உலக வரைபடத்தை அன்று மேசையில் விரித்துவைத்துப் பேசிய மூவரில் ரூஸ்வெல்ட் இரண்டு மாதத்தில் இறந்தார். ஸ்ராலின் 1953இலும் சேர்ச்சில் 1965இலும் இறந்தனர். மூவரையும் கொண்டுசென்றது மூளையின் குருதிக்குழாய்களில் நேர்ந்த பாதிப்பே.

ரூஸ்வெல்ட் மாரடைப்பினால் இறக்கவில்லையே என்று வாசகர் கேட்கலாம். சரிதான். ஆனால் உயர் குருதி அமுக்கம் என்ற ஒரே கை, மூளைக்குச் செல்லும் குழாயிலும் இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளிலும் ஒருசேர வேலைசெய்கிறது. எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தொடக்கூடாத நோய்

மக்இன்டயரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. அந்தக் காலத்து மருத்துவமே அப்படித்தான் நினைத்தது. வயது ஏற ஏற நாடிகள் தடிக்கும். தடித்த நாடிகளினூடாகக் குருதியைத் தள்ளுவதற்கு இருதயம் அதிக அமுக்கத்தைப் பிரயோகிக்க வேண்டும். ஆகவே உயர் குருதி அமுக்கம் நோயல்ல, உடல் தானாகச் செய்துகொள்ளும் ஈடுகட்டல். அமெரிக்க இருதய மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் போல் டட்லி வைட் 1931இல் வெளியிட்ட தமது பாடநூலிலேயே, கட்டுப்படுத்த முடிந்தாலும் அதில் கைவைக்காதிருப்பது நல்லது என்ற கருத்தை எழுதினார். அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் ஜோன் ஹே, இந்த நோயாளிக்குள்ள பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதுதான், ஏனெனில் யாராவதொரு முட்டாள் அதைக் குறைக்க முயல்வான் என்று எள்ளினார்.

நெஞ்சுவலியை மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இலேயே அதைத் துல்லியமாக விவரித்திருந்தார். முடியுரு நாடியில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டும் ஒருவர் உயிர்தப்ப முடியும் என்பதை 1912இல் சிக்காகோவின் ஜேம்ஸ் ஹெரிக் எடுத்துரைத்தார். மறு ஆண்டில் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரோலை ஊட்டிய முயல்களின் நாடிச்சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். ஆனால் இவையெல்லாம் தனித்தனிச் செய்திகளாகவே கிடந்தன. எவருக்கு வரும், ஏன் வரும் என்ற கேள்விக்கு "விதி" என்று மக்களும் "வயது" என்று மருத்துவர்களும் பதில் சொன்னார்கள். இரண்டு சொற்களுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நகரம் முன்வந்தது

தொற்றுநோய்கள் பின்வாங்கத் தொடங்கிய 1940களில் அமெரிக்காவில் மரணத்துக்கான முதன்மைக் காரணமாக இருதய நோய் நின்றது. ரூஸ்வெல்ட்டுக்குப் பின் பதவியேற்ற ஹரி ட்ரூமன் 1948 ஜூன் 16இல் தேசிய இருதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில், பொஸ்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில் உள்ள பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு ஆரம்பமாகியது.

ஏறக்குறைய 28,000 பேர் வாழ்ந்த அந்த ஊர் மருத்துவ ஆய்வுக்குப் புதியதல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய காசநோய்த் திட்டமொன்றில் அது பங்குபற்றியிருந்தது. இம்முறை கேட்கப்பட்டது விசித்திரமான ஒத்துழைப்பு. நோயாளிகள் வேண்டாம், இருதய நோய் இல்லாதவர்கள்தான் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து குருதி அமுக்கம், எடை, குருதியின் கொலஸ்ட்ரோல், இருதய மின்வரைபு ஆகியவற்றைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். மருந்து எதுவும் தரப்படமாட்டாது. உங்களில் யார் நோயில் விழுகிறார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இதுதான் ஒப்பந்தம்.

5,209 ஆண்களும் பெண்களும் முன்வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இருதய நோய் ஆண்களின் நோய் என்று கருதப்பட்ட காலத்தில் இது முக்கியமானது. ஆய்வை நெடுங்காலம் வழிநடத்தியவர் தோமஸ் டோபர். அவருடன் இணைந்து, பின்னர் பொறுப்பேற்றவர் வில்லியம் கனல்.

1957இல் முதற் பெறுபேறுகள் வந்தன. குருதி அமுக்கம் 160/95 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடையே முடியுரு நாடி நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். தொடக்கூடாத ஈடுகட்டல் என்று சொல்லப்பட்டது கொலையாளிகளில் ஒன்று என்று எண்கள் கூறின. ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை வயதுக்கு ஏற்றதாகவே இருக்கவில்லை என்பது அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே எண்களாக நிறுவப்பட்டது.

1961இல் டோபரும் கனலும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே "ஆபத்துக் காரணிகள்" என்ற சொற்சேர்க்கை இடம்பெற்றது. இன்று பாடசாலை மாணவரும் உச்சரிக்கும் அந்தத் தொடரை மருத்துவ உலகின் நாவில் ஏற்றியது அந்தக் கட்டுரைதான். உயர் கொலஸ்ட்ரோல், உயர் குருதி அமுக்கம், அடுத்துப் புகைத்தல், 1974இல் நீரிழிவு, 1977இல் "நல்ல கொலஸ்ட்ரோல்" குறைவு என்று பட்டியல் வளர்ந்தது.

அந்தச் சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. காரணம் என்று சொன்னால் ஒன்று நடந்தால் மற்றது நடந்தே தீரும் என்று பொருள்படும். ஆபத்துக் காரணி அப்படிச் சொல்லவில்லை. சுருட்டும் கையுமாக வாழ்ந்த சேர்ச்சில் தொண்ணூறு வயதுவரை இருந்தாரே என்று எங்கள் ஆசிரிய பீடத்திலும் அடிக்கடி வாதிடுவார்கள். ஆய்வு பேசியது ஒரு சேர்ச்சிலைப் பற்றியல்ல, ஆயிரம் பேரைப் பற்றி. அந்த ஆயிரத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்போம் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கத்துக்குக் கூட்டம் அதிகம் என்பது தெரிந்துவிட்டது.

இருபது வயதிலேயே தொடங்குவது

"திடீர்" என்ற சொல்லைப் பொய்யாக்கிய மற்றொரு சான்று போர்க்களத்திலிருந்து வந்தது. கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்கப் படையினரின் இருதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் தமது முடிவை 1953இல் வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களுள் 77 வீதமானோரின் முடியுரு நாடிகளில் நோயின் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தன. எவரும் நெஞ்சுவலி என்று சொன்னவர்களல்லர்.

நடப்பது இதுதான். உயர் அமுக்கமும் புகையும் மிகையான சர்க்கரையும் நாடியின் மெல்லிய உட்படலத்தை மெல்ல மெல்லப் புண்படுத்துகின்றன. கொலஸ்ட்ரோல் சுவருக்குள் புகுந்து படிகிறது. உடலின் பாதுகாப்புக் கலங்கள் அங்கே திரள, அழற்சி ஏற்பட்டு ஒரு மேடு உருவாகிறது. இது பத்து, இருபது, முப்பது ஆண்டு வேலை. ஒருநாள் மேட்டின் மூடி வெடிக்கிறது. அந்த இடத்தில் குருதி உறைந்து சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. பத்திரிகையாளர் எழுதுவது அந்தக் கடைசி நிமிடங்களை மட்டுமே.

பேருந்தும் அரச அலுவலகமும்

பிரேமிங்ஹாம் தனியே நிற்கவில்லை. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் அமர்ந்திருந்த சாரதிகளையும், படிகளில் ஏறியிறங்கிச் சீட்டு விற்ற நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஜெரி மொறிஸ் கட்டுரை எழுதினார். ஒரே நிறுவனம், ஒரே வகுப்பு மக்கள். ஆயினும் நடத்துநர்களிடையே நோய் குறைவு. வந்தாலும் உயிர்பறிப்பது குறைவு.

மாரடைப்பு பெரிய மனிதர்களின் நோய், பொறுப்பின் பாரம் தாங்காமல் வருவது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. 1955 செப்டெம்பரில் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்து பங்குச் சந்தையே சரிந்தபோது அது மேலும் உறுதியாயிற்று. ஆனால் 1967இல் தொடங்கப்பட்ட வைட்ஹோல் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. பிரித்தானிய அரச ஊழியர்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், உயர் அதிகாரிகளைவிட அடிமட்ட ஊழியர்களே இந்த நோயினால் மூன்று மடங்குக்கும் மேலாக இறந்தமையை மைக்கல் மார்மட் குழுவினர் 1978இல் காட்டினர். புகைத்தல், குருதி அமுக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியே நின்றது. கட்டளையிடுபவனைக் காட்டிலும், தன் நாளைத் தானே தீர்மானிக்க முடியாதவனுக்கே ஆபத்து அதிகம்.

அறிந்ததைச் செயலாக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பின்லாந்து காட்டிற்று. அன்செல் கீஸ் 1958இல் ஆரம்பித்த ஏழு நாடுகளின் ஆய்வில் மிக மோசமான இடம் கிழக்குப் பின்லாந்து. வெண்ணெயும் உப்பும் சிகரெட்டும் மலிந்த பிரதேசம். 1972இல் அங்குள்ள வட கரேலியா மாகாணத்தில் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. கடைகள், பண்ணைகள், பாடசாலைகள், மாதர் சங்கங்கள், பத்திரிகைகள் என்று ஊரே மாறிற்று. அடுத்த சில தசாப்தங்களில், உழைக்கும் வயது ஆண்களிடையே முடியுரு நாடி நோயினால் ஏற்படும் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது.

நமது கணக்கு

பிரேமிங்ஹாமின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அது வெள்ளையரின் ஊர். ஏனைய இனத்தவரைச் சேர்த்துக்கொள்ள 1994வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நம்மவர்களைப் பற்றிய எச்சரிக்கை அதற்கு வெகுகாலம் முன்னரே சிங்கப்பூரில் எழுதப்பட்டிருந்தது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதியான தனராஜும் சகாக்களும் சிங்கப்பூரின் பிரேத பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அங்கு வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்களிடையே முடியுரு நாடி நோய் பல மடங்கு அதிகமாக இருந்தது. சிங்கப்பூர் இந்தியர்களிற் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1991இல் லண்டன் ஆய்வொன்று இதன் ஒரு முடிச்சை அவிழ்த்தது. தெற்காசியர்களிடம் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, இன்சுலின் சரிவர வேலைசெய்யாது போகிறது, நீரிழிவு முந்துகிறது. எடை பார்க்கும் இயந்திரம் நல்ல பிள்ளை என்று சொல்லும் மனிதரின் இடுப்புப்பட்டி வேறு கதை சொல்லும். அதனால்தான் நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்புச் சுற்றளவின் எல்லையாக 2005இல் பரிந்துரைக்கப்பட்டன.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப்பின் தலைமையில் 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பது விடயங்களே உலகெங்கும் முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 வீதத்துக்கு விளக்கம் என்று அது கூறியது. இலங்கையும் பங்குபற்றிய அந்த ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வந்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது ஏனையோருக்கு ஏறத்தாழ 59; நமக்கு 53. ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறோம். ஆனால் அதே பட்டியல்தான், அதே ஒன்பதுதான். நமக்கு அவை இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முன்னர் "விதி" என்றோம், பிறகு "வயது" என்றோம், இப்போது "பரம்பரை" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு வேலை பார்த்து, நித்திரை கெட்டு, நாற்பதுகளில் விழுந்துபோகும் நம் பிள்ளைகளைப் பற்றி வரும் தொலைபேசி அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் சொல் அது. பரம்பரைக்குப் பங்கு இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் நம்மைச் சும்மா இருக்கச் செய்யுமானால், அது விதி என்ற பழைய சொல்லின் புதிய சட்டை மட்டுமே.

இலங்கையின் அரச மருத்துவமனைகளில் நிகழும் மரணங்களுக்கு நெடுங்காலமாக முதலிடத்தில் இருப்பது இந்த இருதய நோயே. ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுப்பதற்கு அன்று நல்ல மாத்திரை இருக்கவில்லை. குருதி அமுக்கத்தைக் குறைக்கும் பாதுகாப்பான மாத்திரைகள் 1950களின் இறுதியில்தான் வந்தன. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்ரட்டின் வகை மருந்து 1987இல் பாவனைக்கு வந்தது. உலகின் மிகவும் பலம்வாய்ந்த மனிதருக்குக் கிடைக்காதது இன்று நமது அரச மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போகிறோம்.

எனது அந்த மூத்த நண்பர் இறந்த வயதை நான் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என் மேசையிலும் ஒரு குளிசைப் பெட்டி இருக்கிறது. கசப்போடுதான் விழுங்குகிறேன், சில நாட்களில் மறந்தும் போகிறேன். அப்போதெல்லாம் எட்டுச் செலவு வீட்டுத் திண்ணையில் அந்த அக்கா கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது.

அதன் பின்னர் எத்தனையோ அஞ்சலிக் குறிப்புகளை எழுதியும் திருத்தியும் இருக்கிறேன். இளையவர்கள் "திடீர் மாரடைப்பினால்" என்று எழுதிக்கொண்டு வரும்போது, முதற் சொல்லை மட்டும் வெட்டிவிடுவேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு.